வலியே இல்லீங்க

"வலியே இல்லீங்க, அதான் விட்டுட்டேன்." சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை எதுவானாலும் இந்தப் பேச்சு காதில் விழும். உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். உள்ளே முனை மழுங்கிய கம்பியை விட்டுப் பார்த்தால் எலும்பு தட்டும். அந்தக் காலோடுதான் மனிதர் பேருந்துப் படியேறி, சீட்டு வாங்க வரிசையில் நின்று, நடந்து வந்திருப்பார். சொல்லும்போது குற்ற உணர்வெல்லாம் இருக்காது, நியாயம் கேட்கும் தொனிதான் இருக்கும். வலித்திருந்தால் அன்றைக்கே வந்திருக்க மாட்டேனா என்று கேட்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. நோய் என்ற சொல்லே தமிழில் நோதலோடு பிறந்தது. நோகாத ஒன்றை நோயென்று ஒருவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

இதற்கு நேர் எதிரே இன்னொரு வாசகம் திரிகிறது. "வலி கடவுள் தந்த வரம்." பிரசங்கங்களில் கேட்கலாம், விடியற்காலையில் சூரிய உதயப் படத்தோடு கைப்பேசிக்கு வரும் செய்திகளிலும் பார்க்கலாம். பேச்சுவாக்கில் டாக்டர் பால் பிராண்டின் பெயரும் அடிபடும். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை செய்து நிமிர்த்திக் கொடுத்தவர் என்ற அளவில் பலரும் அவரை அறிவார்கள். ஆனால் மூட்டுவாதத்தில் இரவெல்லாம் உட்கார்ந்தே கழிக்கும் பெண்ணிடமோ, புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறிவிட்டவரிடமோ இந்த வாசகத்தை நீட்டுவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது மாத்திரை, தேவையானால் மார்பின் என்ற வலிநீக்கி மருந்து. பிராண்டுக்கு வலியின் மதிப்பைக் கற்றுக்கொடுத்தவர்கள் அதை இழந்தவர்கள், நோயில் நரம்பு செத்து உணர்ச்சி போனவர்கள். அவர்களோடு இருந்தபோது அவர் கண்டுபிடித்தவையும், அதைவிட முக்கியமாக, அவர் தோற்ற ஓர் இடமும்தான் இந்தக் கட்டுரை. வரம் என்று பேசுகிறவர்கள் அந்தத் தோல்வியைச் சொல்வதே இல்லை.

தச்சு வேலை தெரிந்த டாக்டர்

பிராண்ட் பிறந்தது 1914இல், கொல்லிமலையில். தந்தை ஜெஸ்ஸி, தாய் எவலின், இருவரும் மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். தாய் மலையை விட்டு இறங்கவில்லை, 1974இல் 95 வயதில் இறக்கும்வரை மலைக்கிராமங்களில்தான் வேலை செய்தார். மகன் உடனே மருத்துவத்துக்குப் போய்விடவில்லை. முதலில் சில வருடங்கள் தச்சு, கொத்து, கட்டட வேலை படித்தார். இதை வாழ்க்கை வரலாற்றின் ஓரத்தில் கிடக்கும் தகவல் என்று தள்ளிவிட முடியாது. உளியின் பிடி உள்ளங்கையில் எங்கே அழுத்தும், சுத்தியல் அடிக்கும்போது எந்த விரல் பாரம் தாங்கும் என்று கையால் தெரிந்தவருக்குத்தான், உணர்ச்சியற்ற கை ஏன் உளிப்பிடியால் கிழிகிறது என்ற கேள்வி பின்னால் தோன்றியது.

லண்டனில் அறுவை மருத்துவம் முடித்து 1946இன் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைச் சுற்றிக்காட்டினார். எங்கே பார்த்தாலும் மடங்கிய விரல்கள், குட்டையான விரல்கள். இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன, யாராவது பார்த்திருக்கிறார்களா என்று எலும்பு மருத்துவரான பிராண்ட் கேட்க, தோல் மருத்துவரான காக்ரேன், அது உங்கள் துறையின் வேலை, உங்களில் ஒருவர்கூட வரவில்லையே என்ற பொருளில் திருப்பிக் கேட்டார். பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, பலமாக அழுத்தச் சொன்னார். செத்துப்போன கை என்று நினைத்தது இரும்புப் பிடியாகப் பிடித்தது, நகங்கள் சதையில் பதிந்தன. அழுத்தியவருக்குத் தான் எவ்வளவு பலத்தைச் செலவழிக்கிறோம் என்றே தெரியவில்லை. அந்த ஒரு பிடியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. முன்கையின் பெரிய தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன என்பது ஒன்று. பலத்துக்கு அளவு சொல்லும் உணர்ச்சி போய்விட்டது என்பது மற்றது.

முதல் விஷயம் அறுவைக்கு வழி திறந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். நரம்பு எங்கே தோலை ஒட்டி மேலாக ஓடுகிறதோ அங்கே வீங்கிச் சேதமாகும். முழங்கையில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல விரல்வரை சுரீரென்று ஓடுமே, அந்த நரம்பு முழங்கைக்குச் சற்று மேலே. நடுக்கையின் நரம்பு மணிக்கட்டுக்கு மேலே. காலில் முழங்காலுக்கு அருகே. இறந்தவர்களின் உடலைத் திறந்து நரம்பை முழு நீளத்துக்கும் பின்தொடர்ந்து பார்த்துத்தான் பிராண்டின் குழு இதை உறுதி செய்தது. சேதமான இடத்துக்கு மேலேயே கிளை வாங்கிய முன்கைத் தசைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. கீழே இருக்கும் உள்ளங்கையின் சிறு தசைகள்தான் சாகின்றன. சிறு தசைகள் போனால் பெரிய தசைகள் தம் இஷ்டத்துக்கு இழுக்க, விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிவிடும். ஆகவே முன்கையில் பலமாக இருக்கும் ஒரு தசைநாணை எடுத்து, நான்கு வால்களாகப் பிரித்து, நான்கு விரல்களின் பக்கவாட்டில் தைத்தால் செத்த சிறு தசைகளின் வேலையை அது பார்க்கும். சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி, ஏனென்றால் மணிக்கட்டை அசைக்கப் பழகிய தசைக்கு விரலை அசைக்கும் வேலையை மூளை புதிதாகச் சொல்லித்தர வேண்டும். அறுவை நன்றாக நடந்தும் கை உதவாமல் போன இடங்களில் குறை பெரும்பாலும் இந்தப் பயிற்சியில்தான்.

அறுவை வெற்றி பெற்றபின் வந்த புகாரை அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நிமிர்ந்த விரல்களோடு ஊருக்குப் போனவர் திரும்பி வந்து, இந்தக் கைக்குப் பிச்சை விழுவதில்லை என்றார். மடங்கிய கையைப் பார்த்து இரங்கியவர்கள் நிமிர்ந்த கைக்குக் காசு போடவில்லை. வேலை கொடுக்கவும் இல்லை, வாடகைக்கு வீடு கொடுக்கவும் இல்லை. நோயாளிக்கு நன்மை செய்கிறோம் என்ற நினைப்பில் அவருடைய ஒரே பிழைப்பைப் பிடுங்கிவிட்டோமா என்ற கேள்வி அறுவை அரங்குக்குள் எழுவதில்லை, தெருவில்தான் எழும். நோயாளிகள் தங்கித் தொழில் கற்கக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கியதற்கு இதுதான் காரணம். மண் குடிசைகள், தச்சுப்பட்டறை, மரப்பொம்மைகள். ஆக, தச்சு படித்தது வீண்போகவில்லை.

கெட்ட சதை இல்லை

இரண்டாவது விஷயம்தான் பெரியது, அது பிடிபடப் பல வருடங்கள் ஆயின. அதுவரை எல்லோரும், டாக்டர்கள் உட்பட, தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்றுதான் நம்பினார்கள். குட்டையான விரல்களிலிருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது அது சாதாரணச் சதையாகவே இருந்தது. மாவுக்கட்டுக்குள் இருந்த புண்கள் மற்றவர்களின் புண்ணைப்போலவே ஆறின. அப்படியானால் விரல்கள் எங்கே போகின்றன? பட்டறையில் நடக்கும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடி எழுத ஆரம்பித்தார்கள். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கியது, உளிப்பிடியின் பிசிறு, கடைசிவரை பிடித்த பீடி, விளக்குக் கண்ணாடி. துருப்பிடித்த பூட்டில் பிராண்டால் திருப்ப முடியாத சாவியை ஒரு சிறுவன் சட்டென்று திருப்பித் திறந்து கொடுத்தான். பார்த்தால் சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. எல்லாக் காயங்களுக்கும் இப்படிக் காரணம் கிடைத்தது, இரவில் காணாமல்போகும் விரல்நுனிகளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. விழித்திருந்து காவல் பார்த்தபோது அதுவும் தெரிந்தது. எலி. கடித்தால் யாரும் விழிப்பதில்லை என்று எலிக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்தனுப்பினார்கள்.

பூனைக் கதையைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அதில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. சாபம், முற்பிறவிப் பாவம், தெய்வக் குற்றம் என்று ஊர் சொன்னதும், அழுகும் நோய் என்று மருத்துவம் சொன்னதும் ஒரே விளைவைத்தான் தந்தன, தடுக்க ஒன்றுமில்லை என்ற கைவிரிப்பு. எலி என்று தெரிந்த மறுநாள் தடுக்க ஒரு வழி வந்துவிட்டது. நோயாளியின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சாக இருந்தது, பிடியின் தடிமன், விளக்கின் உயரம், பூனை என்று இறங்கியது. கிறிஸ்தவ மருத்துவரின் நெறி என்று ஒன்று இருந்தால் அதன் சிறந்த பகுதி இந்த இறக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இதைவிடச் சிறந்த பிரசங்கம் அவர் செய்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மனைவி மார்கரெட் கண் பக்கம் இதையே செய்தார். கண்ணின் மேற்பரப்பில் உணர்ச்சி போனால் இமைக்கத் தூண்டுதல் இராது. இமை மூடும் தசையும் செத்தால் கண் காய்ந்து, தூசி கீறி, பார்வை போய்விடும். கன்னப்பொறியில் மெல்லப் பயன்படும் தசையின் ஒரு பட்டையை இமைக்குத் திருப்பிவிட்டால், வாயை மெல்லும்போது கண் மூடும். இயந்திர அளவில் அருமையான தீர்வு. ஆனால் நோயாளி மெல்ல நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண் உறுத்தாதபோது ஒரு மனிதன் நாள் முழுக்க எப்படி நினைத்துக்கொண்டே இருப்பான்? இந்தக் கேள்வி பின்னால் பெரிதாகத் திரும்பி வரும்.

பாதம் உடையும் விதம்

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கையைவிடக் கால்தான் ஆய்வுப் பொருள். சர்க்கரை நோயில் மரத்துப்போன காலும் தொழுநோய்க் காலும் ஒரே விதமாகத்தான் உடைகின்றன என்பதை அங்கிருந்து அவர் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். இன்று நம்மூர்ச் சர்க்கரைக்கால் மருத்துவத்தில் வேலூரிலும், அதை அடுத்த காரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளிடம் கற்றது ஏராளமாகக் கலந்திருக்கிறது. அந்த மூலத்தைப் பலரும் சொல்வதில்லை, தொழுநோய் என்ற பெயருக்கே இன்னும் கூச்சம்.

பாதம் உடையும் வழிகளை அவர் பிரித்துக் காட்டியது இன்றும் பயன்படும். ஒரே அடியில் கிழிப்பது முதல் வழி. ஆணி, கருவேல முள், கண்ணாடி. இதற்குத் தடித்த அடிப்பாகமுள்ள செருப்பு போதும். இரண்டாவது, மிகச் சிறிய அழுத்தம் மணிக்கணக்கில் விலகாமல் இருப்பது. இறுக்கமான புது ஷூ இதற்கு உதாரணம். அழுத்தம் சிறிதானாலும் அந்த இடத்து ரத்த ஓட்டத்தை நிறுத்தப் போதுமானது. உணர்ச்சி உள்ளவர் அரை மணியில் காலை நெளிப்பார், ஒரு மணியில் கழற்றுவார். மரத்தவர் கல்யாண வீட்டில் காலையிலிருந்து இரவுவரை அதே ஷூவோடு நிற்பார், சுண்டுவிரல் ஓரம் கருத்துவிடும். சம்மணமிட்டு உட்காருபவர்களுக்குக் கணுக்காலின் வெளிமொட்டில் விழும் புண்ணும் இந்த வகைதான். ஆகவே புதுச் செருப்பை முதல் நாள் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதை விதியாக வைத்தார்கள்.

மூன்றாவது வழிதான் யாருக்கும் தோன்றாதது, பெரும்பாலான உள்ளங்கால் புண்கள் இதில்தான் வருகின்றன. எந்த ஒரு அடியும் காயப்படுத்தாது. சாதாரண நடைதான். ஆனால் அதே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை. எலியின் பாதத்தில் மிதமான அழுத்தத்தை நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை இயந்திரத்தால் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் நாட்களில் சூடும் வீக்கமும் வந்தன, விடாமல் தொடர்ந்தால் புண்ணானது. எண்ணிக்கையைக் குறைத்து இடையில் ஓய்வு நாட்கள் விட்டால் அதே பாதம் காய்ப்புப் பிடித்துத் தடித்தது, உடையவில்லை. நமக்கு ஏன் உடைவதில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. நீண்ட தூரம் நடக்கும்போது நாம் அறியாமலே பாரத்தை முன்பாதத்திலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து குதிகாலுக்கும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம். லேசாக நொண்டுகிறோம். மரத்த கால் நொண்டாது. முதல் மைலிலும் பத்தாவது மைலிலும் ஒரே மாதிரி நடக்கும். நொண்டத் தெரியாததுதான் அதன் நோய்.

இந்த வழியில் வரும் புண்ணுக்கு முன்னறிவிப்பு உண்டு, சூடு. தோல் உடைவதற்கு முன்பே உள்ளே வீங்கிய இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கும். வீட்டில் பார்க்க உள்ளங்கையைவிடப் புறங்கை நல்லது. இரண்டு காலிலும் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிட வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டு கால்களின் ஒரே இடத்துக்கும் இடையே 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் என்பது எச்சரிக்கைக் கோடு. அது தெரிந்தால் சூடு தணியும்வரை நடையைக் குறைக்க வேண்டும். மருந்தும் வேண்டாம், களிம்பும் வேண்டாம், நடையைக் குறைப்பதுதான் வைத்தியம். கேட்பவருக்கு இது வைத்தியமாகவே படாது என்பதுதான் சிக்கல்.

புண்ணே வந்துவிட்டால் முழுப் பாதத்தையும் ஒட்டிப் பிடிக்கும் மாவுக்கட்டு. இதைப் பிராண்ட் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர். புண்ணின் ஓரத்துக் காய்ப்பைச் சீவி, சீழ் இல்லை, காலில் நாடி இருக்கிறது என்று உறுதிசெய்து, பஞ்சை மிக மெல்லியதாக வைத்து, பாதத்தின் ஒவ்வொரு வளைவிலும் படியும்படி கட்ட வேண்டும். பஞ்சைத் தாராளமாக வைப்பது இரக்கம் போலத் தோன்றும், ஆனால் நடக்க நடக்க அது அமுங்கி, உள்ளே இடம் விழுந்து, கால் ஆடி, புதுப் புண் வரும். பாரம் உள்ளங்கால் முழுதும் பரவி, ஒரு பங்கு கெண்டைக்கால் சுவருக்கும் போவதால் புண்ணின் மேல் அழுத்தம் விழாது. முதல் கட்டை ஒரு வாரத்துக்குள் மாற்றியாக வேண்டும், வீக்கம் வடிந்து கட்டுத் தளர்ந்திருக்கும். பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கொரு முறை. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறியதும் வெறுங்காலில் நடந்தால் அதே இடத்தில் திரும்ப உடையும். புதுத் தழும்பு பழைய தோலைப்போல அழுத்தம் தாங்காது.

பிறகு வாழ்நாள் முழுக்க எம்சிஆர் செருப்பு. மைக்ரோசெல்லுலார் ரப்பர் உள்தகடு, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர். பின்வார் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உணர்ச்சியற்ற கால் செருப்பைப் பிடித்து வைக்காது. ஹவாய் செருப்பு கழன்று பத்தடி பின்னால் கிடப்பது தெரியாமல் நடந்தேன் என்று சொல்பவர் தன் நரம்பின் நிலையைச் சொல்லிவிட்டார், வேறு பரிசோதனை தேவையில்லை. விரலிடுக்கு வார் கூடாது. ஆணி அடித்த செருப்பு கூடவே கூடாது. தேய்ந்த செருப்பில் ஆணி மேலே வரும், முழுச் சாலையும் அந்த ஆணி மேலேயே நடப்பார்கள். ஊரில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, 'ஒரு ஆணி அடிச்சுக் குடுங்க' என்று கேட்பதோடு பல எம்சிஆர் செருப்புகளின் கதை முடிகிறது.

நிறுத்திவைக்க முடிந்த வலி

கார்வில்லில் பிராண்டின் குழு ஒரு காரியத்தில் இறங்கியது. வலி இல்லாததுதான் பிரச்சினை என்றால் வலியைச் செய்து கொடுத்துவிடலாமே. அரசு நிதி கிடைத்தது, பொறியாளர்கள் சேர்ந்தார்கள். விரல்நுனிகளுக்கும் பாதத்துக்கும் அழுத்தத்தை உணரும் சிறு கருவிகள், அவற்றைத் தாங்கக் கையுறை, காலுறை. ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஒலி. முதலில் தொழில்நுட்பமே சொதப்பியது. கருவிகள் விலை அதிகம், சில நூறு முறை அழுத்தத்திலேயே ஓய்ந்துபோயின. நம் ஒரு விரல்நுனி ஒரு நாளில் தாங்கும் உழைப்பை எந்த உலோகமும் தாங்கவில்லை. சரி, அதைச் சரிசெய்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி கேட்டும் நோயாளிகள் வேலையை நிறுத்தவில்லை. ஒலிக்குப் பதில் விளக்கு வைத்தார்கள், அதையும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். கடைசியில் உணர்ச்சி மிஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அது வலித்தது. உண்மையாகவே வலித்தது.

என்ன நடந்தது? அதிர்ச்சி வரும் என்று தெரிந்த வேலையைச் செய்யப்போகும்போது நோயாளிகள் கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். முட்டாள்தனத்தால் செய்ததில்லை. அவர்களுக்கு நோயும் தெரியும், விளைவும் தெரியும், ஆய்வின் நோக்கமும் தெரியும், டாக்டர்மேல் அன்பும் இருந்தது. ஆனால் அக்குளில் அடிக்கும் அதிர்ச்சி, விதியை மீறியதற்கு யாரோ கொடுக்கும் தண்டனையாகத்தான் பட்டது, தன் விரல் போடும் கூச்சலாகப் படவில்லை. தண்டனையென்றால் தப்பிக்கத்தான் தோன்றும். பிராண்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். நிறுத்திவைக்க முடிகிற எதுவும் வலியின் வேலையைச் செய்யாது என்ற முடிவுக்கு வந்தார். நமக்கு வலியை நிறுத்தும் பொத்தான் இருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம். சுத்தியல் விரலில் விழுந்தபின் அல்ல, விழும் முன்பே, இன்னும் நாலு ஆணிதானே என்று.

வலி வரம் என்ற வாசகம் இந்த இடத்தில்தான் பிறந்தது. வலி நம் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறதே, அந்த ஏற்பாட்டைத்தான் அவர் வியந்தார். படைத்தவர் என்று அவர் சொன்னார். பரிணாமம் என்று சொல்பவருக்கும் வியப்பு குறையாது. எனக்கு இதைவிட உறுத்துவது இன்னொன்று. நோயாளிகள் தங்கள் கைகால்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கருவியைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள் என்று அவர் கவனித்தார். வலி போனதும் 'நான்' என்பதன் எல்லை சுருங்கி, கால் வெளியே போய்விடுகிறது. வெளியே போன பொருளுக்கு எச்சரிக்கை மணி கட்டினால் என்ன பயன்? பக்கத்து வீட்டுக் கடிகாரம் அடிப்பது போலத்தான் இருக்கும். ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவமும் கூடப் பாடுபடும் என்று பைபிளில் பவுல் சொல்லும் உவமையைப் பிராண்ட் திரும்பத் திரும்ப எடுத்ததற்கு இந்த அனுபவம்தான் காரணமாக இருக்க வேண்டும். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே வைத்த சமூகமும் மரத்த உடல்தான். நம் நாட்டில் 1898ஆம் வருடத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீங்கியது. விவாகரத்துக்கான காரணங்களின் பட்டியலிலிருந்து தொழுநோய் 2019இல்தான் நீங்கியது. 6 அல்லது 12 மாத மாத்திரையில் குணமாகும் நோய் அது, அந்த மாத்திரைகள் 1980களிலிருந்தே இருக்கின்றன.

வேறொருவர் கண்

சரி, வலியைச் செய்து கொடுக்க முடியாது. பின் காரிகிரியிலும் வேலூரிலும் கால்கள் எப்படித் தப்பின? நினைவூட்டலை நோயாளியின் விருப்பத்திலிருந்து எடுத்து, நேரத்திடமும் வீட்டாரிடமும் கொடுத்ததில்தான். பூனையை யாரும் நிறுத்திவைக்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறையில் மாலையில் ஐந்து நிமிடம். வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார வேண்டும். கண் மங்கிய, குனிய முடியாத சர்க்கரைக்காரர் தானே பார்க்க முடியாது. பேரனோ மருமகளோ பார்க்கட்டும், யாருமில்லாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி. விரலிடுக்கு, பெருவிரலின் அடிமேடு, குதிகால் ஓரம். சூடு, சிவப்பு, கொப்புளம், காய்ப்புக்குள் கறுப்புப் புள்ளி. கடைசியில் சொன்னது உள்ளே ரத்தம் கசிந்த அடையாளம், அன்றைக்கே கட்டு அறைக்குப் போக வேண்டியது. செருப்புக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும், கல்லும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானும் உள்ளேதான் இருக்கும். தொழுநோய்க் காலில் வியர்வை நரம்பும் செத்திருப்பதால் தோல் காய்ந்து பித்தவெடிப்பாகப் பிளக்கும். அவர்களுக்குத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் காய்ப்பைத் தேய்த்து, ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவச் சொல்வார்கள். சர்க்கரைக்காரருக்கு இதை அப்படியே சொல்லக்கூடாது. ஊறிய விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும். கழுவித் துடைத்து, விரலிடுக்கை விட்டுவிட்டு எண்ணெய் போதும். கல் உப்புப் போட்ட வெந்நீர் இருவருக்குமே ஆகாது. சூடு தெரியாத கால் வெந்துவிடும். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டுப் பிளாஸ்திரியும் ஆகாது, அதிலுள்ள அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது. உச்சி வெயிலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றுவதை விட்டுவிடு என்று சொன்னால் பலர் கேட்க மாட்டார்கள். விடியற்காலை பூசைக்குப் போங்கள் என்றால் கேட்பார்கள்.

இதிலும் கோளாறு வரும் இடம் தெரிந்ததுதான். முதல் வாரம் ஒழுங்காக நடக்கும். மூன்றாவது வாரம், ஒன்றும் இல்லையே என்று நிற்கும். பார்க்கிறவருக்கும் அலுக்கும், காட்டுகிறவருக்கும் கூச்சம். மருமகளிடம் காலை நீட்ட மாமனாருக்கு மனம் வராது. பிராண்ட் ஆடிப்பாடித் திரிந்த கொல்லிமலையில், சிறுவர்கள் நெல்வயலில் தவளை பிடித்து வரப்பைக் கலக்கியபோது ஒரு தாத்தா வந்து, சேறு கலந்து கீழே வழியும் தண்ணீரைக் காட்டி, போகிற இந்த மண் திரும்பி மலை ஏறாது என்று சொன்னதைப் பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார். கரை உடைந்தால்தான் ஓடி வருவோம், கலங்கல் வழிவதை யார் பார்ப்பார்கள்? அந்தத் தாத்தா தினமும் வரப்போரமாக நடந்தவர், அதனால் பார்த்தார்.

ஆகவே கால் பார்ப்பதைத் தனி வேலையாக வைக்காமல், வீட்டில் ஏற்கெனவே நிற்காமல் நடக்கும் ஏதாவதொன்றோடு முடிந்துவைக்கச் சொல்கிறார்கள் கட்டு அறைக்காரர்கள். விளக்கு வைக்கும் நேரம், இரவு மாத்திரை, தொடருக்கு நடுவே வரும் விளம்பரம், எதுவானாலும் சரி. மாமனாருக்குக் கூச்சமானால் பேரன் போதும். ஏழு வயதுப் பையனுக்குச் சிவப்பும் கொப்புளமும் தெரியும், 'தாத்தா, இங்க சூடா இருக்கு' என்று சொல்லவும் தெரியும். அவன் சொன்னால் தாத்தா, வலியே இல்லடா என்பார். அவன் போய் அம்மாவிடம் சொல்லிவிடுவான்.